வெளிநாட்டுச் சரித்திரப் படமும் பிடிபடாத பேச்சும்: மதுரையில் திரையிட எந்த வழி நல்லது?

எங்கள் வாசகர் வட்டத்தில் இந்த முறை வெளிநாட்டுச் சரித்திரப் படங்களை வரிசையாகத் திரையிடுவது என்று முடிவாகிவிட்டது. எப்படித் திரையிடுவது என்பதில்தான் இழுபறி. கையில் இருப்பது பழங்காநத்தத்தில் ஒரு மாடிக் கூடம், ஒரு புரொஜெக்டர், இரண்டு ஸ்பீக்கர், கொஞ்சம் பிளாஸ்டிக் நாற்காலிகள். வருகிறவர்களில் பள்ளி ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்கள், கல்லூரிப் பிள்ளைகள், டவுன்ஹால் ரோட்டில் கடை வைத்திருப்பவர்கள் என்று எல்லாரும் உண்டு. ஓர் அயர்லாந்துப் படத்தை ஆங்கில வசன வரிகளோடு (சப்டைட்டில்) போட்டபோது பாதியிலேயே முணுமுணுப்பு எழுந்தது. "இது இங்கிலீஷ்தானா தம்பி?" என்று கேட்டார் ஒரு பெரியவர். "கதை நல்லாத்தான் போகுதுண்ணே, ஆனா பேசுறதுல பாதி பிடிபடலை" என்றான் ஆங்கில இலக்கியமே படிக்கிற ஒரு பையன். அடுத்த வரிசைக்கு என்ன செய்யலாம் என்று நாலு பேர் நாலு வழி சொல்கிறார்கள். அந்த வழிகளை எடைபோட்டுப் பார்த்ததில் எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன். பள்ளியிலோ கல்லூரியிலோ நூலகத்திலோ படம் போடுகிறவர்களுக்கும் இது உதவலாம்.

முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். பேச்சு விளங்கவில்லை என்று சொல்கிறவரை "உங்களுக்கு உலக சினிமா பார்க்கப் பழக்கமில்லை" என்று வாயடைப்பது தவறு. நாம் ஆங்கிலம் கற்றது பாடப் புத்தகத்தில். காதுக்குப் பழகியது செய்தி வாசிப்பும் கிரிக்கெட் வர்ணனையும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலும் அயர்லாந்தின் கார்க்கிலும் ஜனங்கள் பேசுகிற பேச்சை நம் காது எங்கே கேட்டிருக்கிறது? ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களுக்கும் இந்தத் தொல்லை இருந்திருக்கிறது. 1979-ல் வந்த ஆஸ்திரேலியப் படமான 'மேட் மேக்ஸ்' அமெரிக்காவில் வெளியானபோது அமெரிக்கக் குரல்களை வைத்து ஆங்கிலத்திலிருந்து ஆங்கிலத்துக்கே டப் செய்துதான் வெளியிட்டார்கள். அப்படியிருக்க, பழங்காநத்தத்துக்காரர் விளங்கவில்லை என்று சொன்னால் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

ஆனால் "விளங்கவில்லை" என்ற ஒரே புகாருக்குள் மூன்று வேறு வேறு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரிக்காமல் வழி தேடினால் தப்பான மருந்தைத்தான் கொடுப்போம்.

ஒன்று, கூடத்தின் சத்தம். நான்கு மின்விசிறிகள் முழு வேகத்தில் சுற்றுகின்றன, ஜன்னலுக்கு வெளியே ஷேர் ஆட்டோ ஹாரன், மேலே தகரக் கூரை. இந்தக் கூடத்தில் மதுரைத் தமிழில் பேசினாலே கடைசி வரிசைக்குப் பாதிதான் போய்ச் சேரும். அதோடு இன்னொன்று. படங்களின் ஒலியை ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் இருப்பதாக வைத்துக் கலந்திருப்பார்கள். வசனத்தில் பெரும்பகுதி நடு ஸ்பீக்கருக்குப் போகும். இசையும் குதிரைக் குளம்பும் வாள் சத்தமும் பக்கத்து ஸ்பீக்கர்களுக்குப் போகும். நம்மிடம் இருப்பது இடது, வலது இரண்டுதான். அந்தக் கலவை சரியாக இரண்டுக்குள் இறங்கவில்லை என்றால் பேச்சு அமுங்கிவிடும், சண்டை மட்டும் காதைப் பிளக்கும். ஒலித் தடத்தில் ஸ்டீரியோ இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். கணினியில் படம் ஓட்டுகிற வி.எல்.சி. பிளேயரில் ஒலி விளைவுகளுக்குள் கம்ப்ரெஸர் என்று ஒன்று இருக்கிறது; அதைப் போட்டால் மெதுவான பேச்சும் உரத்த சத்தமும் ஒன்றுக்கொன்று கொஞ்சம் பக்கத்தில் வரும். ஸ்பீக்கரைத் தரையில் வைக்காமல் காது உயரத்துக்கு ஏற்றுங்கள். பின்சுவரில் ஒரு ஜமக்காளத்தைத் தொங்கவிட்டாலே எதிரொலி குறையும். இதையெல்லாம் செய்த பிறகும் விளங்காவிட்டால் அப்புறம் உச்சரிப்பைக் குறை சொல்லலாம்.

இரண்டாவதுதான் அசல் சங்கதி: உச்சரிப்பு உண்மையிலேயே காதுக்குப் பிடிபடாதது. மூன்றாவது, "அந்தக் காலத்து ராஜா இப்படியா பேசியிருப்பான்?" என்ற கேள்வி. இது புரியாததைப் பற்றிய புகாரே இல்லை, பொருத்தத்தைப் பற்றியது. அதைப் பிறகு பார்க்கலாம்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

பலரும் முதலில் கேட்பது தமிழ் டப்பிங். கேட்பதில் நியாயம் இருக்கிறது. படிக்கச் சிரமப்படும் பெரியவர்கள், கண்ணில் புரை விழுந்தவர்கள், சின்னப் பிள்ளைகள் எல்லாரும் உட்கார்ந்து பார்க்கலாம். கண் முழுவதும் காட்சியில் இருக்கும். கப்பலும் கோட்டையும் போர்க்களமுமாக ஓடுகிற பெரிய படங்களுக்கு நல்ல தமிழ்க் குரல் கிடைத்தால் எனக்கும் ஆட்சேபணை இல்லை. ஆனால் டப்பிங் நாம் செய்துகொள்கிற காரியம் அல்ல. ஏற்கெனவே யாராவது செய்திருந்தால்தான் உண்டு. பெரிய ஹாலிவுட் படங்களுக்குக் கிடைக்கும். சிறிய செலவில் எடுத்த ஐரிஷ், ஸ்காட்டிஷ், போலந்துப் படங்களுக்குப் பெரும்பாலும் கிடைக்காது. கிடைக்கிற டப்பிங்கிலும் ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது: வெளிநாட்டுக்காரர்களுக்குச் சென்னைப் பேச்சையும் பஞ்ச் வசனத்தையும் கொடுத்துக் கலகலப்பாக்குவது. ஜாக்கி சான் படத்துக்கு அது பொருந்தும். தூக்குமேடைக்குப் போகிறவன் வாயில் அதைத் திணித்தால் கூடமே சிரித்துவிடும். அந்த மனிதனுக்கு அது அநியாயம்.

டப்பிங்கில் எனக்குள்ள பெரிய வருத்தம் வேறு. சரித்திரப் படத்தில் யார் எப்படிப் பேசுகிறார்கள் என்பதே பாதிக் கதை. இதை நம் ஊரை வைத்தே பார்க்கலாம். 1764-ல் மதுரைக் கோட்டை முற்றுகை. உள்ளே இருப்பவர் கான்சாகிபு என்று நாம் சொல்கிற யூசுப் கான், மருதநாயகமாகப் பிறந்தவர். அவரோடு மர்ஷான் என்ற பிரெஞ்சுக்காரரும் அவருடைய ஆட்களும். வெளியே மேஜர் சார்லஸ் கேம்ப்பெல் தலைமையில் கும்பெனிப் படை, அதோடு ஆற்காட்டு நவாபின் ஆட்கள். சுற்றிலும் தெலுங்கும் தமிழும் பேசுகிற பாளையக்காரர்கள். கடைசியில் யூசுப் கானைப் பிடித்துக் கொடுத்தது கோட்டைக்குள் இருந்தவர்களேதான், மர்ஷானும் அதில் ஒருவர். அந்த அக்டோபரிலேயே யூசுப் கானைத் தூக்கிலிட்டார்கள். சம்மட்டிபுரத்தில் அடக்கம், கான்சாமேட்டுத் தெருவில் இன்றும் பெயர் நிற்கிறது. இந்த முற்றுகையை யாராவது வெளிநாட்டுக்காரர் ஒழுங்காகப் படம் எடுத்தால் அதில் ஐந்தாறு மொழி கேட்கும், ஆளுக்கொரு உச்சரிப்பு கேட்கும். யார் யாருடைய ஆள், யார் யாரை நம்புகிறார், யார் முன்னால் யார் குரலைத் தாழ்த்துகிறார் என்பதைக் காதே சொல்லிவிடும். எல்லாருக்கும் ஒரே தமிழைப் போட்டு அந்தப் படத்தை நமக்குக் கொடுத்தால் மர்ஷான் யார், கேம்ப்பெல் யார் என்று சட்டையின் நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தமிழ்ப் படங்களுக்கும் இது தெரியும். 1959-ல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்ம'னில் ஜாக்சன் துரையாக நடித்த சி.ஆர். பார்த்திபனின் வெள்ளைக்காரத் தமிழை மறந்தவர் உண்டா? அவர் வாயைத் திறந்த நொடியில் அந்த அறையில் யார் வந்தேறி, யார் மண்ணின் மைந்தன் என்று சின்னப் பிள்ளைக்கும் விளங்கிவிடும். ஜாக்சனும் கட்டபொம்மனும் ஒரே மாதிரி பேசியிருந்தால் அந்தக் காட்சிக்கு அந்த வீரியம் இருந்திருக்காது.

எங்கள் கூடத்தில் முணுமுணுப்பைக் கிளப்பிய அயர்லாந்துப் படத்தையே எடுத்துக்கொள்கிறேன். கென் லோச் இயக்கிய 'தி விண்ட் தட் ஷேக்ஸ் தி பார்லி', 2006-ல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருதை வாங்கியது. 1920-ல் தொடங்கி அயர்லாந்து விடுதலைப் போரையும் அதற்குப் பிந்தைய உள்நாட்டுப் போரையும் சொல்கிறது. கதை நடப்பது கார்க் மாவட்டத்தில். நாயகன் கிலியன் மர்ஃபி கார்க் ஊர்க்காரர், மற்றவர்களிலும் அந்தப் பக்கத்து ஆட்களே அதிகம். கார்க் பேச்சு ஏறி இறங்கி ராகம்போலப் போகும், சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நம் காதுக்கு அது கஷ்டம்தான். ஆனால் தொடக்கத்தில் வரும் சோதனைக் காட்சியைப் பாருங்கள். பிரிட்டிஷ் ஆயுதப் படையினர் ஒரு பண்ணை வீட்டு வாசலில் பையன்களைச் சுவரோரம் நிறுத்திப் பெயர் கேட்கிறார்கள். மிஹால் என்ற பையன் தன் பெயரை அயர்லாந்தின் சொந்த மொழியான ஐரிஷில்தான் சொல்வேன் என்று நிற்கிறான். அதற்காகவே அவனை அடித்துக் கொல்கிறார்கள். அந்தச் சிப்பாய்களின் இங்கிலாந்து உச்சரிப்பு, சுற்றி நிற்பவர்களின் கார்க் உச்சரிப்பு, அவனுடைய ஐரிஷ், மூன்றும் மூன்றாகக் கேட்டால்தான் அந்தச் சாவுக்குக் காரணம் விளங்கும். இந்தக் காட்சியை டப் செய்தால் ஏன் அந்தப் பையன் செத்தான் என்றே தெரியாமல் போய்விடும். என் பங்குக்கு, இந்த ஒரு காட்சிக்காகவே இந்தப் படத்துக்கு டப்பிங் வேண்டாம் என்பேன்.

அடுத்த வழி, ஆங்கிலப் பேச்சுக்கு ஆங்கில வசன வரி. கல்லூரிப் பிள்ளைகள் மட்டும் பார்க்கிற திரையிடல் என்றால் இதுவே போதும். இதற்கு ஆராய்ச்சி ஆதரவும் உண்டு. ஹோல்கர் மிட்டரர், ஜேம்ஸ் மெக்வீன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட கட்டுரையில், ஆங்கிலம் இரண்டாம் மொழியாகத் தெரிந்த டச்சு மாணவர்களுக்கு ஸ்காட்டிஷ், ஆஸ்திரேலிய உச்சரிப்புள்ள காட்சிகளைக் காட்டிச் சோதித்தார்கள். ஆங்கில வசன வரியோடு பார்த்தவர்களுக்கு அந்த உச்சரிப்பு காதுக்குப் பழகியது, பிறகு கேட்ட புது வாக்கியங்களும் நன்றாகப் பிடிபட்டன. தாய்மொழியான டச்சு வசன வரியோடு பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. புது வாக்கியங்களில் அது இடைஞ்சலாகக்கூட இருந்தது. ஆக, காதைப் பழக்குவதுதான் நோக்கம் என்றால் ஆங்கில வரிதான் சரி. வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு இதைத்தான் நான் சொல்வேன்.

ஆனால் எங்கள் கூடத்துக்கு அது நோக்கம் இல்லையே. ரயில்வேயில் நாற்பது வருஷம் வேலை பார்த்தவர் அயர்லாந்தில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள வருகிறார். அவருக்கு ஆங்கில எழுத்து தெரியும், நிதானமாகப் படிப்பார். இரண்டு வரி மூன்று நொடியில் மறைந்துவிடுகிறது. ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இன்னொரு அவஸ்தை: காது எப்படியாவது பிடித்துவிடலாம் என்று பேச்சைத் துரத்தும், பாதியில் விட்டுவிடும், அதற்குள் கண்ணுக்கு வரியும் போயிருக்கும். அரைகுறையாகத் தெரிந்த மொழிதான் ஆளை அதிகமாகக் களைக்க வைக்கிறது. ஜெர்மன் படமோ ஜப்பானியப் படமோ போட்டபோது எங்கள் கூடத்தில் யாரும் உச்சரிப்பைக் குறை சொன்னதில்லை. அந்த மொழி யாருக்கும் தெரியாது, எல்லாரும் வரியை நம்பியே உட்கார்ந்தார்கள்.

இதிலிருந்து பிறப்பதுதான் சிலர் சொல்லும் மூன்றாவது யோசனை: ஆங்கிலப் படத்தையே விட்டுவிட்டு மற்ற மொழிப் படங்களாகப் போடுவது. கூடத்தில் யாரும் மேல், யாரும் கீழ் இல்லை, எல்லாரும் சமம். இதில் எனக்கு உடன்பாடு உண்டு, ஆனால் முழு வரிசையையும் அப்படி நிரப்ப மனமில்லை. நம்மை ஆண்டவர்கள் ஆங்கிலம் பேசினார்கள். அயர்லாந்தும் ஸ்காட்லாந்தும் அவர்களோடு பட்ட பாட்டை நம் ஜனங்கள் பார்க்க வேண்டும். விளங்காத உச்சரிப்புக்குப் பயந்து அந்தக் கதைகளை ஒதுக்கிவிடுவது பெரிய இழப்பு.

இடையில் ஒரு பழைய முறையை நினைவுபடுத்துகிறேன். மௌனப்படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்கிறவர்கள் நம் நாட்டிலும் இருந்தார்கள். பிறகு பேசும் படங்களுக்குப் பாட்டுப் புத்தகம் விற்றார்கள். முன்பக்கத்தில் கதைச் சுருக்கம், முடிவில் "மீதியை வெள்ளித்திரையில் காண்க". படம் ஓடும்போதே ஒருவர் மைக்கில் விளக்குவது எனக்குப் பிடிக்கவில்லை, நடிகரின் குரல் மேல் நம் குரல் ஏறிவிடும். ஆனால் படத்துக்கு முன்னால் பத்து நிமிடம் தமிழில் பேசுவதும் ஒரு தாளில் ஆட்களின் பெயர், யார் எந்த அணி, முக்கியமான ஆண்டுகள் என்று அச்சடித்துக் கொடுப்பதும் பெரிய உதவி. அயர்லாந்துப் படத்துக்கு, 1921 டிசம்பரில் லண்டனில் ஒப்பந்தம் கையெழுத்தானது, அதை ஏற்றவர்களும் ஏற்காதவர்களும் பிறகு சண்டையிட்டுக்கொண்டார்கள் என்ற இரண்டு வரி கையில் இருந்தாலே பின்பாதி வழுக்கிக்கொண்டு போகும். விளங்காதது பல நேரம் உச்சரிப்பே இல்லை, பின்னணிதான். இந்தத் தாளை எந்த வழியைத் தேர்ந்தாலும் செய்தே ஆக வேண்டும். அதை மட்டும் செய்துவிட்டு வசனத்தை அப்படியே விட்டுவிடுவது போதாது.

ஆகவே நான் கை தூக்குவது அசல் குரல், தமிழ் வசன வரி என்ற வழிக்கு. இதில் வேலை அதிகம், அதை மறைக்கவில்லை. ஒரு முழுநீளப் படத்தில் ஆயிரத்துக்கும் மேலே வரிகள் வரும். ஆங்கில வசனக் கோப்பை வைத்துக்கொண்டு சப்டைட்டில் எடிட் போன்ற இலவச மென்பொருளில் ஒவ்வொன்றாகத் தமிழாக்க வேண்டும். கணினி மொழிபெயர்ப்பை முதல் வரைவாக எடுத்துக்கொள்ளலாம், அப்படியே நம்பக் கூடாது. அது தருகிற தமிழில் அண்ணனைத் தம்பி "நீங்கள்" என்பான், நீதிபதியைக் கிழவி "நீ" என்பாள். அப்புறம் தமிழ் வார்த்தைகள் நீளம். மூன்று நொடியில் படிக்க முடிகிற அளவுக்குச் சுருக்க வேண்டும். சொன்னது அத்தனையும் வர வேண்டும் என்று அடம்பிடித்தால் யாராலும் படிக்க முடியாது.

அதே அயர்லாந்துப் படத்தில் ஒரு நீதிமன்றக் காட்சி. விடுதலைக்குப் போராடுகிற குடியரசுக்காரர்கள் தாங்களே நடத்துகிற மன்றம், நடுவில் ஒரு பெண் நீதிபதி. ஓர் ஏழைக் கிழவியிடம் கொள்ளை வட்டி வாங்கிய கடைக்காரர் மேல் வழக்கு. தீர்ப்பு அவருக்கு எதிராக வருகிறது. ஆனால் இயக்கத்துக்கு ஆயுதம் வாங்கப் பணம் கொடுப்பவர் அவர்தான் என்பதால் இயக்கத்தின் தளபதியே அவரை வெளியே கூட்டிப்போய்விடுகிறார். அதோடு கூச்சல். நாலைந்து பேர் ஒரே நேரத்தில், ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டி, முழு கார்க் உச்சரிப்பில் பேசுகிறார்கள். ஆங்கில வரியோடு பார்த்தபோது எங்கள் கூடத்தில் முக்கால்வாசிப் பேர் இந்த இடத்தில்தான் நழுவினார்கள். கந்துவட்டியை நேரில் பார்த்த ஊர் இது. இந்தக் காட்சி மதுரைக்காரருக்குத் தொட்டால் சுடும். ஆனால் போய்ச் சேரவில்லை. தமிழ் வரியில் இதைச் செய்வது எப்படி? எல்லாருடைய கூச்சலையும் எழுத வேண்டியதில்லை. நீதிபதியின் வாக்கியம், தளபதியின் பதில், கிழவியின் பணத்தைப் பற்றிய பேச்சு, இந்த மூன்று இழையை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம். யார் பேசுகிறார்கள் என்று குழம்பும் இடத்தில் வரியின் முன்னால் ஒரு சிறு கோடு போதும். மீதியைக் காது பார்த்துக்கொள்ளும், கோபத்துக்குத் தமிழாக்கம் தேவையில்லை.

கார்க் பேச்சுக்கு ஈடாக மதுரைப் பேச்சைப் போடலாமே, "அங்கிட்டு", "இங்கிட்டு" என்று எழுதலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அயர்லாந்துக்காரன் மதுரைக்காரனாக மாறிவிடுவான், அவன் ஊர் மறைந்துவிடும். உச்சரிப்பைக் காட்டக் குரல் இருக்கிறது. வரிக்கு எளிய பொதுத் தமிழ் போதும்.

தொழில்நுட்பத்தில் சில இடங்களில் கால் தடுக்கும். வசனக் கோப்பை யு.டி.எஃப்.-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமிக்காவிட்டால் திரையில் தமிழுக்குப் பதில் கட்டங்களும் கேள்விக்குறிகளும் வரும். படத்தின் பிரதி நொடிக்கு 25 சட்டத்திலும் (ஃபிரேம்) வசனக் கோப்பு 24 சட்டத்துக்குச் செய்ததாகவும் இருந்தால் தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகும். இரண்டு மணி நேரப் படத்தின் கடைசியில் விலகல் ஐந்து நிமிடம்வரை போய்விடும். கோப்பையே மாற்றி எடுத்துவிடுவது நல்லது. தொடக்கம் முதல் ஒரே அளவில் விலகியிருந்தால் வி.எல்.சி.யில் 'ஜி', 'எச்' விசைகளைத் தட்டி நேராக்கலாம். எழுத்து மஞ்சளாக, கருப்பு விளிம்போடு இருந்தால் பனிக் காட்சியிலும் தெரியும். மறந்துவிடுகிற இன்னொரு விஷயம் முன்வரிசைத் தலைகள். நம் கூடங்களில் நாற்காலிகள் சமதரையில் இருக்கும், வரிகளோ திரையின் அடியில். திரையின் கீழ்விளிம்பை உட்கார்ந்தவர் தலைக்கு மேலே ஏற்ற வேண்டும், முடியாவிட்டால் வரிகளைத் திரைக்குள்ளேயே உயர்த்தி வைக்க வேண்டும்.

உரிமை விஷயமும் இருக்கிறது. வீட்டில் பார்க்கிற ஓ.டி.டி. சந்தாவோ வாங்கிய டிஸ்கோ பொதுத் திரையிடலுக்கு அனுமதி ஆகாது. உரிமையாளரிடம் திரையிட அனுமதி கேட்கும்போதே தமிழ் வரி சேர்ப்பதற்கும் சேர்த்துக் கேட்டுவிடுவது நல்லது.

இனி அந்த மூன்றாவது புகார்: "அந்தக் காலத்தில் இப்படியா பேசினார்கள்?" இது எந்தத் திரையிடல் முறையாலும் தீராது, தீர வேண்டியதும் இல்லை. பேசித் தீர்க்க வேண்டியது. எங்கள் பெரியவர்களில் சிலர் மேலவெளி வீதியில் விக்டோரியா எட்வர்டு மன்றக் கட்டடத்தில் இயங்கிய ரீகல் டாக்கீஸில் ஆங்கிலப் படம் பார்த்து வளர்ந்தவர்கள். "அந்தக் காலத்துப் படத்தில் ரோமாபுரிக்காரன் என்ன சுத்தமாகப் பேசுவான்!" என்பார்கள். அந்தச் சுத்தமும் ஓர் ஏற்பாடுதான். 1959-ன் 'பென்-ஹர்' படத்தில் ரோமர்களுக்குப் பெரும்பாலும் பிரிட்டிஷ் நடிகர்களையும் யூதர்களுக்கு அமெரிக்க நடிகர்களையும் போட்டார்கள். ஆள்பவன் யார், ஆளப்படுபவன் யார் என்று அமெரிக்க ரசிகனுக்குக் காதிலேயே பிரித்துக் காட்டுகிற வழி அது. ரோமாபுரியில் யாரும் லண்டன் ஆங்கிலம் பேசவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

சில இடங்களில் புகார் நியாயமானது. 2018-ல் வந்த 'மேரி குவீன் ஆஃப் ஸ்காட்ஸ்' படத்தில் ஸ்காட்லாந்து ராணி மேரி ஸ்காட்டிஷ் உச்சரிப்பில் பேசுகிறாள். உண்மையான மேரி ஐந்து வயதில் பிரான்ஸுக்குப் போய்ப் பதினெட்டு வயதில், 1561-ல்தான் திரும்பினாள். அவள் பேச்சில் பிரெஞ்சு வாடை இருந்திருக்க வேண்டாமா என்று கேட்டவர்கள் சரியாகத்தான் கேட்டார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. 2012-ல் 'லிங்கன்' படத்தில் டேனியல் டே-லூயிஸ் மெல்லிய, கீச்சுக் குரலில் பேசியதைக் கேட்டுப் பலர் திகைத்தார்கள். லிங்கன் என்றால் கம்பீரக் குரல் என்று மனதில் பதிந்திருந்தது. லிங்கன் செத்தது 1865-ல், எடிசனின் ஒலிப்பதிவுக் கருவி வந்தது 1877-ல். அவர் குரலின் பதிவே கிடையாது. நேரில் கேட்டவர்கள் எழுதிவைத்த குறிப்புகள் அவர் குரல் உச்சமானது என்றுதான் சொல்கின்றன. நடிகர் செய்தது சரி.

'டவுன்ஃபால்' என்ற 2004 ஜெர்மன் படம் இந்தப் பேச்சுக்கு மிகப் பொருத்தமானது. ஹிட்லராக நடித்த புரூனோ கான்ஸ் சுவிட்சர்லாந்துக்காரர். மேடையில் கத்துகிற ஹிட்லரை உலகமே கேட்டிருக்கிறது. அறைக்குள் சாதாரணமாகப் பேசினால் எப்படி இருக்கும்? 1942 ஜூனில் பின்லாந்தின் படைத் தளபதி மன்னர்ஹைமுடைய 75-ஆம் பிறந்த நாளுக்கு ஹிட்லர் போயிருந்தபோது அங்கிருந்த வானொலிக்காரர் ரகசியமாகப் பதிவு செய்த பதினொரு நிமிடப் பேச்சு ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் கான்ஸ் அந்தத் தாழ்ந்த, ஆஸ்திரிய வாடையுள்ள பேச்சைப் பிடித்தார். படத்துக்கு முன்னால் இதை ஐந்து நிமிடம் சொல்லிவிட்டால் ஜெர்மன் ஒரு சொல்லும் தெரியாதவர்கள்கூட அந்தக் குரலைக் கவனித்துக் கேட்பார்கள். டப் செய்தால் அந்த உழைப்பு முழுவதும் மண்.

அதனால் எங்கள் வட்டத்துக்கு நான் சொல்லியிருப்பது இது. 'டவுன்ஃபால்' முதலில், உச்சரிப்புத் தகராறு இல்லாமல் எல்லாரும் தமிழ் வரிக்குப் பழகிக்கொள்வார்கள். அதற்கடுத்து அயர்லாந்துப் படம், தமிழ் வரியோடு மறுபடியும். இரண்டிலும் ரத்தம் அதிகம், அயர்லாந்துப் படத்தில் நகத்தைப் பிடுங்குகிற சித்திரவதை உண்டு, ஆகவே பெரியவர்களுக்கு மட்டும். மூன்றாவதாக 'லிங்கன்', கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தனிக் காட்சியாக ஆங்கில வரியோடு, மற்றவர்களுக்குத் தமிழ் வரியோடு. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய படம், நல்ல தமிழ் டப்பிங் கிடைத்தால் மட்டும். கண் பார்வை மங்கிய இரண்டு மூன்று பேருக்குப் பக்கத்தில் ஓர் இளைஞர் உட்கார்ந்து வரிகளைக் காதோடு மெதுவாகப் படித்துக் காட்டுவதாக ஏற்பாடு. அதற்குக் கடைசி வரிசையின் ஓரத்தை ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன்.

தமிழாக்க வேலைக்கு ஆட்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஆளுக்கு இருபது நிமிடப் பகுதி, ஆட்களின் பெயரை எப்படி எழுதுவது என்று ஒரே பட்டியல், கடைசியில் ஒருவர் உட்கார்ந்து முழுவதையும் ஒரே நடையாக்குவது என்று பிரித்திருக்கிறோம். நீதிமன்றக் காட்சி என் பங்கில் வந்திருக்கிறது.